விடிய விடிய இல்லை ஐயா, விடிகாலை நாலரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தின் கீழ் மூலையில் டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்த நிறுவனம் வருஷா வருஷம் நடத்தும் ரெஸில்மேனியாவின் 41வது நிகழ்ச்சி பற்றி ஆறே வரியில் ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். குத்துச்சண்டை வீரர் ஜான் சீனா 17வது முறையாக ரெஸில்மேனியா பட்டம் வென்றார் என்று ஆரம்பித்து, முன்கூட்டியே முடிவு எழுதிவைத்த இந்தச் சண்டையை நிஜமென்று நம்பி ஒரு கூட்டம் விடிய விடிய கண்விழித்துப் பார்க்கிறது என்று முடித்திருந்தீர்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான் இதை எழுதுகிறேன்.

விடிய விடிய எல்லாம் இல்லை ஐயா. லாஸ் வேகஸில் சனி, ஞாயிறு சாயங்காலம் நடந்தது நமக்கு 2025 ஏப்ரல் 20 ஞாயிறும் 21 திங்களும் அதிகாலை நாலரைக்கு ஆரம்பித்தது. பால் பாக்கெட் வருவதற்கு முன்னால் எழுந்து உட்கார்ந்தோம், அவ்வளவுதான். திங்கட்கிழமை சீனா ஜெயிக்கும்போது எங்கள் வீட்டில் குக்கர் மூன்றாவது விசில் அடித்துக்கொண்டிருந்தது. அப்புறம் அது குத்துச்சண்டையும் இல்லை. இந்தச் சண்டையின் விதிப்படி முஷ்டியை மூடிக் குத்துவதே தப்பு (யாரும் மதிப்பதில்லை என்பது வேறு விஷயம்). அந்த 17ம் ரெஸில்மேனியா கணக்கு இல்லை. உலக சாம்பியன் பட்டத்தை 17வது முறை வாங்கியிருக்கிறார். பழைய வீரர் ரிக் ஃப்ளேர் 16 முறை வாங்கியதைத் தாண்டிவிட்டார் என்பதுதான் செய்தி. ஆறு வரியில் இத்தனை தப்பு செய்யவும் ஒரு திறமை வேண்டும், பாராட்டுகிறேன்.

இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். 'நிஜமென்று நம்பி' என்று எழுதினீர்களே, அதுதான் உறுத்துகிறது. இது போட்டி இல்லை, பொழுதுபோக்குத்தான், எங்களுக்கு விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடும் வேண்டாம், வரியும் வேண்டாம் என்று அந்த நிறுவனமே நியூ ஜெர்சி மாநில செனட்டில் போய்ச் சொன்னது 1989ல். நீங்கள் 36 வருஷம் கழித்து அதைத் துப்பறிந்து எங்களுக்குச் சொல்கிறீர்கள்.

ஏழாம் வகுப்பில் எங்கள் கணக்கு சாரும் இதையேதான் சொன்னார். டிரம்ப் கார்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ரேங்க், உயரம், எடை, மார்பு, பைசெப்ஸ் என்று ஒவ்வொரு மல்யுத்தக்காரன் படத்துக்குக் கீழேயும் நம்பர் போட்டிருக்கும், பெரிய நம்பர் (ரேங்கில் மட்டும் சின்ன நம்பர்) வைத்திருப்பவன் அடுத்தவன் சீட்டை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அண்டர்டேக்கர் சீட்டு என்னிடம் ஓரம் நைந்து, நடுவில் ஒரு மடிப்பு விழுந்து இருந்தது. மடிப்பை வைத்தே எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று உள்ளங்கையில் மறைத்துத்தான் பிடிப்பேன். சார் ஒருநாள் மொத்தக் கட்டையும் பிடுங்கிக்கொண்டு, எல்லாம் பொய்டா, பொய்யைப் பார்த்துக் கெட்டுப்போகாதீங்க என்றார். அடுத்த வாரம் அதே மடிப்பு விழுந்த அண்டர்டேக்கரை வைத்துக்கொண்டு அவர் பையன் கடைசி பெஞ்சில் விளையாடிக்கொண்டிருந்தான். அன்றையிலிருந்து, எல்லாம் பொய் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். உங்கள் தப்பில்லை.

என் பாட்டிக்குச் சொந்த ஊர் செஞ்சிப் பக்கம். வருஷா வருஷம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவள். துரியோதனன் சாவான் என்பது அந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். தெரிந்துதான் ராத்திரி முழுக்கத் தரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, விடிந்ததும் துரியோதனன் விழும் படுகளத்துக்கும் போய் நிற்பார்கள். 'முன்கூட்டியே முடிவு எழுதிவைத்தது' என்று அங்கே யாரும் எழுந்து சொன்னதில்லை. அதே பாட்டிதான் எங்கள் வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்து, "பின்னாடி நாற்காலிய தூக்கிட்டு வரான் பாரு, அந்தக் கோடு போட்ட சட்டக்காரனுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று நடுவரைத் திட்டுவாள். 2001ல் ரெஸில்மேனியா 17, ஹூஸ்டனில் நடந்தது. வருஷக்கணக்கில் முதலாளி மெக்மேனை அடித்துத் துவைத்த ஸ்டீவ் ஆஸ்டின், பட்டத்துக்காக அதே மெக்மேனோடு கை குலுக்கினான். "கடைசில சம்பளம் குடுக்கிறவங்கிட்டயே போய்ச் சேந்துட்டான்" என்று சொல்லிவிட்டுப் பாட்டி எழுந்து போய்விட்டாள். இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாதவளுக்குக் கதை அவ்வளவு தெளிவாகப் புரிந்தது.

நீங்கள் எழுதியிருக்க வேண்டியது இந்த வருஷக் கதையைத்தான். எழுதி வைத்த சண்டை என்பதால் எங்களுக்குக் கோபம் இல்லை, மோசமாக எழுதி வைத்தார்கள் என்றுதான் கோபம். இருபது வருஷத்துக்கு மேல் நல்லவனாகவே இருந்த சீனா, மார்ச் 1ஆம் தேதி டொராண்டோவில் அப்போதைய சாம்பியன் கோடி ரோட்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டே, மல்யுத்தத்திலிருந்து சினிமாவுக்குப் போன தி ராக்கைப் பார்த்துத் தலையசைத்து வில்லனாக மாறினார். நான் சோபாவிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன். அதற்குப் பின் ஏழு வாரம் காத்திருந்தால், முகூர்த்தக்கால் நட்ட ராக் கல்யாணத்துக்கே வரவில்லை. ஏன் வரவில்லை என்று கதைக்குள் ஒரு வார்த்தை கிடையாது. அவருக்குப் பதிலாக வந்தது டிராவிஸ் ஸ்காட் என்ற ராப் பாடகர்.

வந்தாரே வந்தார், பாட்டு ஓட ஓட ஆடி அசைந்து அவர் மேடைக்கு வந்து சேர்வதற்குள் நான் போய்க் காபி கலந்துகொண்டு வந்துவிட்டேன். கோடி சீனாவை அமுக்கிப் பிடித்திருக்க, ஸ்காட் நடுவரைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தார். ஸ்காட் ஓர் அடி வாங்கிப் படுத்தபின் வந்த அரை நிமிஷம்தான் மொத்த ஆட்டத்திலும் நல்ல இடம். பட்டமாகத் தரும் பெல்ட்டைக் கையில் ஓங்கிய கோடி, கெஞ்சுகிற சீனாவைப் பார்த்து அடிக்க மனசு வராமல் கீழே போட்டான். சீனா அடிக்கக் கூடாத இடத்தில் அடித்து, அதே பெல்ட்டால் மண்டையில் ஒரு போடு போட்டு ஜெயித்தார். அந்தத் தயக்கத்தை வைத்தே முழு ஆட்டத்தையும் கட்டியிருக்கலாம். பீமன் தொடையில் அடிக்கக் கதாயுதத்தை ஓங்கும் நேரம் பார்த்து ஒன்றியச் செயலாளர் மேளதாளத்தோடு மேடையேறி எல்லோருக்கும் பொன்னாடை போர்த்தினால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது ஐயா.

அதே ஞாயிறு ராத்திரி, அதாவது நமக்குத் திங்கள் காலை, முதல் ஆட்டமே பெண்களுடையது. இயோ ஸ்கை, பியாங்கா பெலேர், ரியா ரிப்லி. இரண்டு நாளையும் சேர்த்து அதுதான் சிறந்த ஆட்டம். இயோ ஸ்கை மற்ற இருவருக்கும் பாதிதான் இருப்பாள். மேல் கயிற்றில் ஏறி நின்று பின்பக்கமாகக் கரணம் அடித்து விழுந்தபோது, சண்டையே பிடிக்காத என் மனைவி தோசைக் கரண்டியோடு வந்து நின்று பார்த்தாள். உங்கள் ஆறு வரியில் அவர்களுக்கு ஒரு வார்த்தை இல்லை.

எல்லாம் நடிப்பு, ஒரு கீறல்கூட விழாது என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் உங்கள் கேள்வி பதில் பகுதியில் எழுதினீர்கள். அப்போதே எழுத உட்கார்ந்தேன், சரி போகட்டும் என்று விட்டுவிட்டேன். இதே கோடி ரோட்ஸ் 2022 ஜூனில் சிகாகோ பக்கத்தில் செத் ராலின்ஸோடு கூண்டுக்குள் சண்டை போட்டபோது மார்புத் தசை எலும்பிலிருந்து கிழிந்திருந்தது. மேலங்கியைக் கழற்றியதும் வலது மார்பு முழுக்கக் கத்தரிக்காய் நிறம், அது தோளைத் தாண்டிக் கைக்கு இறங்கியிருந்தது. அரங்கமே வாயடைத்துப் போயிற்று. இருபது நிமிஷத்துக்கு மேல் அந்தக் கையோடு ஆடி ஜெயித்துவிட்டுத்தான் அறுவை சிகிச்சைக்குப் போனார். அது அரிதாரம் இல்லை. ஓவன் ஹார்ட் 1999ல் கான்சாஸ் சிட்டி அரங்கின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும்போது விழுந்து செத்தே போனார். அதையும் கீறல் கணக்கில் சேர்ப்பீர்களா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2014ல் அண்டர்டேக்கரின் 21 ரெஸில்மேனியா வெற்றித் தொடரை ப்ராக் லெஸ்னர் முடித்தபோது நீங்கள் அண்டர்டேக்கர் என்று போட்ட படம் கேன் என்ற இன்னொரு வீரருடையது. அண்ணன் தம்பி என்பதெல்லாம் கதைக்காகச் சொன்னது, முகமும் ஒன்றாக இருக்காது. அன்றைக்கு ஏழு உயிர்க்காரன் தோற்றுவிட்டான் என்று ஆபீஸில் சாப்பாடு இறங்காமல் இருந்தவனுக்கு அந்தப் படம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற பெயரை அந்த நிறுவனத்தார் 2002லேயே விட்டு டபிள்யூ.டபிள்யூ.இ. ஆகிவிட்டார்கள். அந்த எழுத்துகள் இப்போது பாண்டா படம் போட்ட வனவிலங்கு அமைப்புக்கு மட்டும்தான் சொந்தம். நீங்கள் இன்னும் விடவில்லை.

கதாநாயகன் ஒரே உதையில் பதினைந்து பேரைப் பறக்கவிடும் படத்துக்கு அடுத்த பக்கத்திலேயே மார்க் போட்டு விமர்சனம் எழுதுகிறீர்கள், அங்கே யாரையும் ஏமாளிக் கூட்டம் என்று சொன்னதாக ஞாபகம் இல்லை. உருப்படியாக ஒரு தகவல் கொடுத்திருக்கலாம். 2025 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் இது டிவி சேனலை விட்டு நெட்பிளிக்ஸுக்குப் போய்விட்டது. தேதியைப் பார்த்து நானே முதலில் நம்பவில்லை. எங்கள் தெரு முனைக் கடைக்கார அண்ணன், கேபிளுக்கு மட்டும் பணம் கட்டுபவர், ஞாயிறு காலை நாலரைக்கு எழுந்து சேனல் சேனலாக மாற்றிப் பார்த்துவிட்டு எனக்கு போன் செய்தார். உங்கள் இதழை அவர்தான் விற்கிறார், முதல் பக்கத்திலிருந்து படிக்கவும் செய்கிறார்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. குத்துச்சண்டை என்றதற்கும் அந்த 17க்கும் சேர்த்து ஒரு திருத்தம் போடுங்கள், சின்ன எழுத்தில் போட்டாலும் பரவாயில்லை. அடுத்த ரெஸில்மேனியாவுக்கு முந்தின வாரம், நம் நேரப்படி எத்தனை மணிக்கு, எதில் பார்க்கலாம் என்று இரண்டு வரி போட்டால் போதும். சந்தாவை நிறுத்துவேன் என்றெல்லாம் மிரட்டப் போவதில்லை. அது அம்மா பெயரில் இருக்கிறது, அவர் கோலப் பக்கத்துக்காக வாங்குகிறார். அதிலும் போன மாதம் ஒரு கோலத்தில் புள்ளிக் கணக்கு தப்பு என்று சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
'நம்பி'ப் பார்க்கும் ஒரு வாசகன்,
விழுப்புரம்.