அந்தப் பச்சைக்கல் டாலர்

அன்பு மகள் செல்விக்கு,

கெய்ரோவிலிருந்து நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டாலர் அழகாகத்தான் இருக்கிறது. எகிப்தை ஆண்ட ஃபாரூக் மன்னர் வீட்டு நகை என்று கொடுத்தவர் சொன்னாராம். அந்தக் கொடுத்தவர் யார் என்று மட்டும் நீ எழுதவில்லை. பத்து வரி எழுதுகிறவள், அந்த ஒரு வரியை விட்டுவிட்டாய்.

கல் மரகதம் மாதிரி தெரியவில்லை, பச்சையில் மஞ்சள் ஓடுகிறது. பெரிடாட் என்கிற வேறொரு பச்சைக் கல்லாக இருக்கலாம். செங்கடலில் ஸபர்கத் தீவில் எடுத்தது என்றால் எகிப்துக்குப் பொருத்தம்தான். பூதக்கண்ணாடி வைத்து மேல்முகம் வழியாக உள்ளே பார். பெரிடாட் என்றால், கல்லின் அடிப்பக்கத்துப் பட்டைகளின் ஓரம் இரண்டிரண்டாகத் தெரியும். கண்ணாடியில் செய்த போலிக் கல்லில் அப்படித் தெரியாது. நம் பட்டறையில் வளர்ந்தவளுக்கு இதைச் சொல்ல வேண்டுமா என்ன.

ஆனால் கல் நல்லது என்பதால் அது அரண்மனை நகை ஆகிவிடாது. 1953-ல் ஃபாரூக் வம்சத்தின் சொத்தை அரசு பறிமுதல் செய்தது. அலெக்சாண்ட்ரியாவில் ஃபாத்திமா அல்-ஸஹ்ரா இளவரசியின் மாளிகையில் அந்த நகைகளை வைத்திருக்கிறார்கள், போய்ப் பார். அந்த நகைகளில் ஒன்று வெளியே போயிருந்தால், அதற்கு ஏலப் பட்டியலோ பழைய பில்லோ இருக்க வேண்டும். கொடுத்தவரிடம் கேள். சங்கடப்படாதே, கேள்.

அப்புறம், ஊருக்கு வரும்போது அதை எடுத்து வராதே. நூறு வருடம் தாண்டிய, வரலாற்று மதிப்புள்ள பொருளை அந்த நாட்டை விட்டுக் கொண்டுவர 1983-ஆம் வருடத்துச் சட்டம் விடாது. அவர் சொன்னது நிஜம் என்றால்தான் உனக்கு ஆபத்து.

ஃபாரூக்கின் அம்மா நாஸ்லியைப் பற்றியும் படித்தேன். கடைசி மகள் ஃபாத்தியா 1950-ல் ஃபாரூக்கின் எதிர்ப்பை மீறி ரியாத் காலி என்பவரை மணந்தபோது அந்த அம்மாள் மகள் பக்கம் நின்றார். ஃபாரூக் இருவரின் பட்டத்தையும் சொத்தையும் பறித்துவிட்டார். நாஸ்லியின் வைர மாலை 1975-ல் ஏலத்துக்குப் போனது. மறு வருடம் லாஸ் ஏஞ்சல்ஸில் அந்த ரியாத்தே ஃபாத்தியாவைச் சுட்டுக் கொன்றார். இதை உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

அந்த அம்மாள் செய்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பெற்றவர்கள் வேறு எங்கே நிற்பார்கள்?

அம்மாவிடம் இன்னும் படத்தைக் காட்டவில்லை. முதலில் என்ன கேட்பாள் என்று உனக்கே தெரியும். பெயரை எழுது. எந்த ஊர், என்ன வேலை, அதையும் எழுது. அவரைக் கூட்டி வருவதானால் கூட்டி வா. டாலர் மட்டும் அங்கேயே இருக்கட்டும்.

அப்பா