நீலத் தாள்

விழுப்புரம்,
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள சுமதி,

எட்டு மாசமாக ஒரு வரி போடவில்லை. திட்டு, ஆனால் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டு. இங்கே எல்லாரும் சௌக்கியம். இவருக்குச் சர்க்கரை, எனக்கு முட்டி. அவ்வளவுதான்.

இந்தத் தாளைத் தடவிப் பார்த்தாயா? நான் செய்ததுடி. பூரிக்கட்டையை உடைத்தவளா காகிதம் செய்கிறாள் என்று கேட்காதே.

போன வருஷம் புதுச்சேரி போனபோது ஆசிரமத்துக்காரர்கள் கையால் காகிதம் செய்யும் இடத்துக்குள் சும்மா நுழைந்தேன். 1959-லிருந்து நடக்கிறது. மரமெல்லாம் இல்லை, பனியன் கம்பெனி வெட்டுத் துணியே காகிதமாகிறது. தொட்டிக் கூழுக்குள் சட்டத்தை இறக்கித் தூக்கி, ஒரே ஒரு ஆட்டு. தண்ணீர் வடிய, வலைமேல் தாள் நிற்கிறது. நம் ஹாஸ்டல் வார்டன் கூப்பிட்டால்கூட நகர்ந்திருக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பழைய போட்டோ ஃபிரேமில் கொசுவலையை அடித்து, இவருடைய பனியன் ஒன்றைத் துண்டாக்கி மிக்ஸியில் போட்டேன். பிளேடில் சுற்றிக்கொண்டு மோட்டார் புகைந்துவிட்டது. துணியை வெட்டினால் போதாது, இழை இழையாக நசுங்க வேண்டுமாம். அதற்கென்றே அங்கே ஒரு எந்திரம் மணிக்கணக்கில் சுற்றுகிறது. இப்போது சட்னி வைத்தால் இவர், "இது எந்த பனியன்?" என்கிறார்.

அப்புறம் புது மிக்ஸியும் பழைய காகிதமும். ராத்திரி ஊறவைத்து, கைப்பிடிக் காகிதத்துக்கு ஜார் நிறையத் தண்ணீர் விட்டு அரைக்கிறேன். ஏற்கெனவே ஒருமுறை காகிதமானது என்பதால் இழை குட்டை, எடுக்கும்போதே பிய்ந்தது. வாழைநாரைச் சலவைச் சோடாவில் வேகவைத்து உரலில் இடித்துக் கலந்தபிறகுதான் பிடிப்பு வந்தது. எழுதினால் மை பரவியது. கஞ்சியில் முக்கிக் காயவைத்தேன், நின்றது. கஞ்சி என்றால் பூச்சிக்கும் விருந்து! எங்கள் தெரு பைண்டிங் தாத்தா மைதாப் பசையில் மயில்துத்தம் போடுவார். எனக்குத் தைக்கச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். நூலில் தேன்மெழுகு தேய்க்காமல் ஊசியைத் தொட்டால் கையிலேயே அடிப்பார். நாலு தாளை மடித்து ஒரு பாரம், ஆறு பாரம் சேர்த்து ஒரு நோட்டு. இதுவரை பதினோரு நோட்டு தைத்துவிட்டேன். ஒன்றிலும் ஒரு எழுத்து எழுதவில்லை. மனசு வரவில்லை.

சரி, சுற்றி வளைத்தது போதும்.

போன மாசம் பரணிலிருந்து ஒரு வயர்கூடையை இறக்கினேன். மேலே பழைய ரசீது, கல்யாணப் பத்திரிகை. கண்ணாடி போடாமல் மொத்தத்தையும் பக்கெட்டில் கவிழ்த்துத் தண்ணீர் விட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் தண்ணீர் நீலமாக இருந்தது. கையை விட்டால் இன்லேண்ட், அந்த நீலத் தபால் தாள். எல்லாம் உன் கடிதங்கள், சுமதி. கல்யாணமாகி நாக்பூர் போன நாளிலிருந்து நீ எழுதியவை.

மூன்றைத்தான் காப்பாற்ற முடிந்தது. கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். ஒன்றில் சரோஜா சாம்பார் கதை முழுசாக இருக்கிறது. அம்மா போனபிறகு நீ எழுதினாயே ஒன்பது பக்கம், அது போய்விட்டது. முதல் பக்கம் மட்டும் எனக்கு மனப்பாடம். மீதி உனக்காவது ஞாபகம் இருக்கிறதா? கேட்கவே வெட்கமாக இருக்கிறது.

கூழைக் கொட்ட மனம் வரவில்லை. இருபத்தெட்டுத் தாள் வந்தது. இருபத்துநாலை நோட்டாகத் தைத்து இதோடு அனுப்புகிறேன், மிச்சத்தில்தான் இந்தக் கடிதம். உன்னிடம் என் கடிதங்கள் இருந்தால் ஒரு பக்கெட்டில் போட்டுவிடு, கணக்கு நேராகிவிடும்.

இந்தத் தாளின் கீழ் மூலையைப் பார். அரைபடாத துணுக்கு ஒன்று, அதில் பாதி 'சு'. உன் கையெழுத்துதான். அதன்மேல் படாமல் சுற்றி எழுதியிருக்கிறேன்.

உன்
கமலா