அண்ணி, யோசிக்காமல் ரூம் போடுங்கள்

அன்புள்ள அண்ணி,

அண்ணனின் அறுபதாம் கல்யாணம் பினாங்கு குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலில் முடிந்ததும் ஈ அண்ட் ஓ ஹோட்டலில் தங்கலாம் என்று பிள்ளைகள் சொன்னார்களாம். "அது வெள்ளைக்காரன் இடம், நமக்கு எதற்கு" என்று நீங்கள் தட்டிக்கழித்துவிட்டீர்களாம். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அந்த ஹோட்டலை ஆரம்பித்தவர்கள் ஆர்மேனியர்கள், சர்க்கீஸ் சகோதரர்கள். 1884இல் ஈஸ்டர்ன், அடுத்த வருடம் ஓரியண்டல், அப்புறம் இரண்டும் ஒன்றானது. சிங்கப்பூர் ராஃபிள்ஸ் ஹோட்டலும் அவர்கள் தொடங்கியதுதான். ரப்பர் செழித்த காலத்தில் இங்கே வந்து ஆடிப்பாடிச் செலவழித்தவர்களில் தோட்டத்துத் துரைமார் நிறைய. அந்தக் காசு எங்கிருந்து வந்தது அண்ணி? இருட்டோடு எழுந்து ரப்பர் மரம் சீவப் போனவர்களின் உழைப்பில்தானே! 1930 வாக்கில் ரப்பர் விலை சரிந்தபோது, தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருந்த நம் ஆட்களைப் பெருங்கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். ஹோட்டலை நடத்திவந்த ஆர்ஷாக் சர்க்கீஸ் 1931இல் இறந்தார். அந்தப் பொருளாதாரச் சரிவிலேயே அவர்கள் கம்பெனியும் நொடித்தது. தோட்டம் விழுந்தால் தானும் விழுகிற அளவுக்கு ரப்பரோடு பிணைந்திருந்த கட்டடம் அது. நம் தாத்தா பாட்டி சீவிய பாலுக்கு அதில் பங்குண்டு. கூச்சமே வேண்டாம்.

ரூம் போடும்போது ஹெரிட்டேஜ் விங், கடலைப் பார்த்த அறை என்று கேளுங்கள். 2013இல் திறந்த பக்கமும் வசதியானதுதான், ஆனால் அந்தப் பழைய நடை அதில் இல்லை. பழைய பக்கத்தில் ஒவ்வொன்றும் கூடமும் படுக்கையறையுமாகத் தாராளமாக இருக்கும். முன்கூடத்தில் குவிந்த கூரைக்கு நேர் கீழே நின்று பேசினால் நம் குரல் நமக்கே திரும்பி வரும். பேரப்பிள்ளைகளை அங்கிருந்து நகர்த்துவது பெரிய வேலை.

காலையில் பசியாறப் போகும் முன் அண்ணனைக் கடலோரப் புல்வெளிக்கு அழைத்துப் போங்கள். பெரிய ஜாவா மரம், பீரங்கிகள், சுவரை ஓயாமல் அறைகிற அலை. வானம் தெளிவாக இருந்தால் எதிர்க்கரையில் ஜெராய் மலை தெரியும். சுங்கை பட்டாணித் தோட்டத்தில் அவர் பிறந்து வளர்ந்த லயத்து வாசலிலிருந்து பார்த்த அதே மலை. இங்கிருந்து பார்க்கும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்தாலே எனக்குத் தொண்டை அடைக்கிறது.

மதியச் சாப்பாட்டுக்கு லிட்டில் இந்தியாவுக்கு வந்துவிடலாம், தூரமில்லை. பள்ளி விடுமுறையிலும் தைப்பூசத்திலும் பினாங்கில் ரூம் கிடைப்பது சிரமம். தேதி குறித்ததும் சொல்லுங்கள், நானே போன் போட்டுக் கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கொழுந்தன்