தரங்கம்பாடியில் ஓர் இரவு தங்கு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் நலமும், மாப்பிள்ளை, குழந்தைகள் நலமும் அறிய ஆவல்.

பொங்கல் விடுமுறையில் தரங்கம்பாடியை அரை நாளில் பார்த்துவிட்டு வேளாங்கண்ணிக்குப் புறப்படப் போவதாகச் சொன்னாய். அந்த ஊருக்கு அரை நாள் போதாது, அம்மா. ஓர் இரவாவது தங்குங்கள்.

விடிந்ததும் முதலில் மாசிலாமணி நாதர் கோயிலுக்குப் போங்கள். டேனிஷ்காரர்கள் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில் அது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. எஞ்சியதைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டி அலையைத் தடுத்திருக்கிறார்கள். குழந்தைகளை அந்தக் கற்களில் ஏறவிடாதே, பாசி வழுக்கும்.

கோட்டை அருகிலேயே இருக்கிறது. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு, மிளகு வணிகத்துக்காக 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டியது. வளைந்த கூரையுள்ள அறைகளைப் பார்க்கும்போது சீகன்பால்குவைக் குழந்தைகளுக்குச் சொல். 1706-இல் சமயப் பணிக்காக வந்த அந்த இளைஞர், டேனிஷ் ஆளுநருடன் ஏற்பட்ட பூசலால் இதே கோட்டையில் நான்கு மாதம் சிறையிருந்தார். ஆயினும் ஊரை விட்டுப் போகாமல் தமிழைக் கற்றுத் தேர்ந்து, ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் அளவில் பெரிதாக இருந்ததால் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்க்கச் செய்து, 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். நாம் கோயிலுக்குப் போகிற குடும்பம்தான். என்றாலும் தமிழ் எழுத்துக்காக இத்தனை பாடுபட்டவரை நம் பிள்ளைகள் அறியாமல் வளர்வது எனக்குச் சம்மதமில்லை.

அவர் 1718-இல் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயம் ராஜ வீதியில் இருக்கிறது. மறுஆண்டே, 36 வயதில் மறைந்த அவருடைய கல்லறையும் அதனுள்ளேதான். அந்த வீதியை வண்டியில் கடக்காமல், 1792-இல் கட்டிய நுழைவாயிலிலிருந்து கடற்கரை வரை நடந்தே வாருங்கள். வெயில் தாழ்ந்த பிறகு நடப்பது நல்லது.

கடலில் மட்டும் யாரும் இறங்க வேண்டாம். அங்கே அலை இழுக்கும். 2004 சுனாமியில் அந்தக் கரை பட்ட பாட்டை நீ அறிவாய்.

பொங்கல் சமயத்தில் அறை கிடைப்பது கடினம் என்பதால், தேதி முடிவானதும் எழுது. நான் முன்பதிவு செய்துவிடுகிறேன். மயிலாடுதுறையில் இறங்கினால் நானே வந்து அழைத்துப் போகிறேன்.

அன்புடன்,
அப்பா