இரண்டு ஹெர்ட்ஸ்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பதினோரு மாதங்கள் ஆகின்றன. வேலை என்றும் பயணம் என்றும் எதையாவது சொல்லலாம். உன்னிடம் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. உனக்குத் தெரிவிக்காமல் ஒரு காரியம் செய்தேன், அதை எழுதாமல் வேறு எதையும் எழுதக் கை ஓடவில்லை என்பதே உண்மை. அம்மா மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டார் என்று தங்கை சொன்னாள், நிம்மதியாயிற்று. இங்கே வீட்டில் எல்லோரும் நலம். வாத்தியார் போன வாரம்கூட என்னைப் பார்த்தவுடன் "அவன் எங்கே?" என்றுதான் கேட்டார்.

விஷயம் இதுதான். சாப்பிடுகிற இடத்தில் இனி வாசிப்பதில்லை என்று அந்த விழா முடிந்த இரவில் பச்சைக் குடையின் கீழே நின்று நாம் செய்துகொண்ட சத்தியத்தை நான் மீறிவிட்டேன். ஏதோ ஒரு நாள் வற்புறுத்தலுக்காக அல்ல. ஏழு மாதங்களாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும், பன்னிரண்டே மேசைகள் உள்ள ஒரு சிறிய உணவகத்தின் சுவரோரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முக்கால் மணி நேரம் வீதம் மூன்று சுற்று, கிட்டாரும் குரலுமாக நம் பழைய நாட்டுப்பாடல்களையும், அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் பாட்டுகளையும் வாசித்து வருகிறேன். ஏற்பாடு செய்தது நெட்டையன். அவன் மேல் கோபப்படாதே, உன்னிடம் சொல்லக் கூடாது என்று நான்தான் கேட்டுக்கொண்டேன்.

முதல் மூன்று வாரங்கள் நீ அன்று சொன்னபடியே நடந்தன. பேச்சுச் சத்தத்தில் பாட்டு மூழ்கியது. நான் ஒலிபெருக்கியைக் கூட்டினேன். அவர்கள் குரலை உயர்த்தினார்கள். நான் மேலும் கூட்டினேன். சுற்றிலும் சத்தம் ஏறினால் மனிதன் தன்னை அறியாமலே உரக்கப் பேசுவான் என்பதை எத்தியென் லோம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-லேயே எழுதி வைத்திருக்கிறார். அந்த மக்கள் என்னை அவமதிக்கவில்லை, நான்தான் அவர்களைக் கத்த வைத்திருக்கிறேன் என்பது அதைப் படித்தபோது உறைத்தது. நான்காவது வாரம் பெரிய ஒலிபெருக்கியை வீட்டிலேயே விட்டுவிட்டு, சிறியதாக இரண்டை எடுத்துப் போய், ஒன்றை என் பக்கத்திலும் மற்றொன்றை அறையின் பாதித் தூரத்திலும் வைத்து, இரண்டையும் தாழ்வாகவே ஓடவிட்டேன். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். அறைக்குள் சுவர்கள் திருப்பி அனுப்புவதால் அவ்வளவு குறையாது என்றாலும், கடைசி மேசைக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக முதல் மேசையின் காதைப் பிளக்கும் நிலைமை நீங்கியது. அரை மணி நேரத்தில் பேச்சும் தணிந்தது. நின்றுவிடவில்லை, தணிந்தது. எனக்கு அது போதும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

நீ இதை ஒப்புக்கொள்ள மாட்டாய். கேட்கவென்று வராதவர்களுக்கு வாசிப்பது பாட்டுக்குச் செய்கிற துரோகம் என்று அன்று சொன்னாய், நானும் தலையாட்டினேன். ஏழு மாதங்களாக அதே வாக்கியத்தோடு மனத்துக்குள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். 1903 வாக்கில் அமெரிக்காவில் மிசிசிப்பியின் டட்வைலர் ரயில் நிலையத்தில், ஒன்பது மணி நேரம் தாமதமான ரயிலுக்குக் காத்திருந்து கண்ணயர்ந்துவிட்ட, பின்னாளில் ப்ளூஸை எழுதிப் பரப்பிய டபிள்யூ. சி. ஹேண்டி, பக்கத்தில் ஒருவர் கிட்டார் தந்திகளின்மேல் கத்தியை அழுத்தி வாசித்த ஓசையில் விழித்துக்கொண்டாரே, அவர் அங்கே இசை கேட்கவா போனார்? வண்டி வந்தால் போதும் என்று உட்கார்ந்திருந்த மனிதர். ஒரே வரியை மூன்று முறை பாடிய அந்தக் கிட்டார்க்காரரும் இவருக்காகப் பாடவில்லை. நாம் கோயிலைப் போல நினைத்த இந்த இசை, சனிக்கிழமை இரவுகளில் சாப்பாடும் நடனமும் கூச்சலுமாக இருந்த இடங்களில்தான் வளர்ந்தது. எதிரே வரிசையாக உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக் கேட்கிற கூட்டம் அதற்கு மிகவும் பிந்தித்தான் கிடைத்தது. ப்ளூஸ் பாடகர் மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928-ல் இசைத்தட்டுகள் பதிவு செய்துவிட்டு, அவை விற்காமல் போகவே வயலுக்குத் திரும்பி, 35 ஆண்டுகள் அக்கம்பக்கத்தார் கூடுகிற இடங்களில் வாசித்துக்கொண்டிருந்தார். அவருடைய பழைய பாட்டு ஒன்றில் வந்த ஊர்ப் பெயரைத் துப்பாக வைத்துக்கொண்டு 1963-ல் தேடிப் போனவர்கள் அவரை அந்த ஊரிலேயே கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டு நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவில் கூட்டம் மயங்கிக் கேட்ட அந்த மென்மையான குரலும் தப்பாத கட்டைவிரலும், கேட்கவென்று வராத மனிதர்கள் நடுவில் இத்தனை ஆண்டுகள் இருந்து வந்தவை அல்லவா?

ஒன்று சொல்கிறேன், கேள். மூன்றாவது மேசையில் ஒரு வயதான அம்மா வாரந்தோறும் தனியாக வந்து, எனக்கு முதுகைக் காட்டி உட்காருவார். ஒரு முறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை, கைதட்டியதும் இல்லை. நானும் இரண்டு மாதம் அவரைக் கவனிக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை தற்செயலாகப் பார்த்தபோது, அவருடைய வலது கை ஆள்காட்டி விரல் தண்ணீர் டம்ளரின் பக்கத்தில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. அதுவும் தாளத்தின் நான்கு அடிகளில் ஒன்றிலும் மூன்றிலும் அல்ல, இரண்டிலும் நான்கிலும். அன்று ஒரு மெதுவான பாட்டில், பழைய தனிப்பாடகர்கள் செய்வதைப் போல, வரியின் முடிவில் ஒரு அடியை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குத் தாவினேன். டம்ளரின்மேல் விரல் அந்தரத்தில் நின்றது. ஒரு அடி காத்திருந்தது. பிறகு சரியான இடத்தில் மறுபடி இறங்கியது. நண்பா, நம் இருபது வருடத்தில் எந்த மேடையிலும் எனக்கு அப்படி ஒரு பாராட்டு கிடைத்ததில்லை. அந்த விரலைப் பார்த்த இரவில்தான் உனக்கு இந்தக் கடிதத்தை எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன். எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது.

தொல்லைகளும் இருக்கின்றன. தெரிந்த பாட்டாக வாசியுங்கள் என்கிறார் உரிமையாளர். கிட்டாரில் தந்திகளைத் தாங்குகிற கட்டைக்கு அடியில் வைத்த பிக்கப், அதாவது அதிர்வை வாங்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் கருவி, விரலால் மீட்டினாலும் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி ஒரு குரலைக் கொடுக்கிறது. அதனால் மைக்கைக் கொஞ்சம் சேர்த்துக் கலக்கிறேன், கலந்தால் ஊளையிடுகிறது, ஒலித்துளையை ரப்பர் மூடியால் அடைத்து வைத்திருக்கிறேன். இதெல்லாம் நீ பக்கத்தில் இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் சரிசெய்து கொடுத்திருப்பாய்.

ஆனால் ஃபிரிட்ஜ் கதையை நீ கேட்டே ஆக வேண்டும். என் நாற்காலிக்குப் பின்னால், கண்ணாடிக் கதவு போட்ட பெரிய ஃபிரிட்ஜ் ஒன்று இருக்கிறது. தந்திமேல் வழுக்கி வாசிக்கிற ஸ்லைடு பாட்டுகளுக்காகக் கிட்டாரை ஓப்பன் ஜி என்ற சுருதிக்கு, அதாவது ஆறு தந்திகளும் டி, ஜி, டி, ஜி, பி, டி என்று இறக்கி வைப்பேனல்லவா, அப்போதெல்லாம் ஐந்தாம் தந்தியில் ஏதோ அலைபோல அசைந்துகொண்டே இருந்தது. தந்தியை மாற்றினேன், போகவில்லை. ட்யூனரை மாற்றினேன், போகவில்லை. கடைசியில் ஒரு நாள் கடை திறக்கும் முன்னால் போய்த் தனியாக உட்கார்ந்து கேட்டேன். ஃபிரிட்ஜின் மோட்டார் முனகிக்கொண்டிருந்தது. மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. மோட்டாரின் முனகல் அதைப் போல இரண்டு மடங்கு, 100 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 100 அதிர்வு. என் ஐந்தாம் தந்தியின் ஜி, 98 ஹெர்ட்ஸ். இரண்டுக்கும் நடுவே இருந்த அந்த இரண்டு ஹெர்ட்ஸ்தான் நொடிக்கு இரண்டு முறை என் பாட்டை அசைத்துக்கொண்டிருந்தது! ஃபிரிட்ஜை நிறுத்தச் சொல்ல முடியாது. எனவே ஆறு தந்திகளையும் அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஏற்றினேன். அசைவு நின்றது. நின்றது மட்டுமல்ல, அறை முழுவதற்கும் அடியில் ஒரு தம்பூரா விழித்துக்கொண்டது போல இருந்தது. இப்போது மோட்டார் ஓடத் தொடங்கும் நேரம் பார்த்துத்தான் மெதுவான ஸ்லைடு பாட்டைத் தொடங்குகிறேன். நடுவில் மோட்டார் நின்றால் ஸ்வரம் தனியாக நிற்கிற அந்தக் கணத்தில் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

இனி நான் உண்மையில் எழுத வந்ததை எழுதுகிறேன். பன்னிரண்டு பார், அதாவது நான்கு அடி கொண்ட தாளச்சுற்று பன்னிரண்டு வருகிற ப்ளூஸ் பாட்டில் ஒவ்வொரு வரிக்கும் நான்கு பார். குரல் ஏறத்தாழ இரண்டில் முடிந்துவிடும், மிச்சம் இரண்டும் பதிலுக்கு உரியவை. அந்தப் பதில் எப்போதும் உன்னுடையது. ஏழு மாதங்களாக நானே கேட்டு நானே பதில் சொல்லி வருகிறேன். கட்டைவிரல் பேஸைப் பிடித்துக்கொண்டிருக்க, மற்ற இரண்டு விரல்களும் உன் மவுத் ஆர்கன் சொல்லியிருக்கக்கூடியதை நினைவிலிருந்து சொல்கின்றன. கேட்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரிகிறது. வாரம் தவறாமல் தெரிகிறது.

அப்பா போன பிறகு நீ அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஏன் என்று நான் கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை. உன் மூச்சில் அவர் இருக்கிறார் என்பதை வாத்தியார் அன்று சொன்ன விதத்தில் என்னால் சொல்ல முடியாது. ஆனால் 'விட்டது விட்டதுதான், இனிமேல் வராது' என்று எழுதியிருந்தாயே, அதை மட்டும் நான் ஏற்கவில்லை. அமெரிக்க நாட்டுப்பாடகி எலிசபெத் காட்டன் பல பத்தாண்டுகள் கிட்டாரைத் தொடாமல் இருந்துவிட்டு, அறுபதைக் கடந்த பிறகு 1958-ல்தான் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டார். இடக்கையால், தலைகீழாகப் பிடித்த கிட்டாரில், கட்டைவிரலால் மெட்டையும் மற்ற விரல்களால் பேஸையும் வாசித்தார். சிறுமியாக இருந்தபோது கை எப்படிக் கற்றுக்கொண்டதோ அப்படியே அது திரும்பி வந்தது. உனக்கு இன்னும் ஐம்பதுகூட ஆகவில்லையே. சோம்பேறி!

ஒரே ஒரு சிக்கல் இருக்கிறது, அதை நீ எழுதுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஜி-யில் வாசிக்க நீ எடுப்பது சி மவுத் ஆர்கன். அதன் உள்ளே அதிரும் உலோக நாக்குகளை உட்கார்ந்த இடத்தில் ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. நீ மூச்சை இழுத்து வளைத்தாலும் ஸ்வரம் கீழேதான் போகும், ஃபிரிட்ஜுக்காக ஏற்றி வைத்த என் கிட்டாரை எட்டாது. அதனால் நீ வருகிற வெள்ளிக்கிழமை ஆறு தந்திகளையும் பழையபடி இறக்கி, ஐந்தாம் தந்தியை 98-க்கே கொண்டுவந்து வைக்கிறேன். ஃபிரிட்ஜ் அதன் பாட்டுக்கு விலகி நின்று முனகட்டும். ஆறரை மணிக்கு வந்துவிடு. சுவரோரத்தில் இரண்டாவது நாற்காலியைப் போடச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்