கார்புரேட்டரை மாற்றும் முன் பெட்ரோலைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆடிப் பட்டத்து விதைப்பு முடிந்து முதல் களைக்கு நாள் நெருங்கும்போது, சாக்கு போர்த்தி மூலையில் கிடந்த பவர் வீடர்கள் (களையெடுக்கும் எஞ்சின் வண்டிகள்) ஒவ்வொன்றாக வெளியே வரும். கயிற்றை இருபது முறை இழுத்தால் ஒரு முறை பிடிக்கும். பிடித்தாலும் சோக்கை (காற்றைக் குறைக்கும் மூடியை) திறந்ததும் நின்றுவிடும். சில வண்டிகள் சும்மா நிற்கையில் ஏறி இறங்கி ஓடும், கத்தி மண்ணில் இறங்கியதும் திணறும். பட்டறைக்குக் கொண்டுபோனால் பல இடங்களில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் 'கார்புரேட்டர் போச்சு' என்று புதிது மாட்டி அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு மாதத்தில் மறுபடியும் அதே தொல்லை. கார்புரேட்டர் கெட்டிருந்தது உண்மைதான். அதைக் கெடுத்த சரக்கு டேங்குக்குள்ளேயே இருக்கிறதே, அதை யாரும் பார்ப்பதில்லை.

நான் சொல்வது ஹோண்டா ஜிஎக்ஸ்160, ஜிஎக்ஸ்200 போன்ற பெட்ரோல் எஞ்சின்களைப் பற்றியும், அவற்றைப் பார்த்துச் செய்த சீன எஞ்சின்களைப் பற்றியும். டீசல் வீடருக்கு இது பொருந்தாது.

முதலில் பெட்ரோல் காக்கை (டேங்கிலிருந்து வரும் பெட்ரோலைத் திறந்து மூடும் திருகை) மூடிவிட்டு, கார்புரேட்டர் பவுலின் (கீழே பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தின்) அடியில் உள்ள வடிகால் போல்ட்டை 10 நம்பர் ஸ்பேனரால் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடியுங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பீடி பக்கத்தில் இருக்கக் கூடாது. குப்பியை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். அடியில் முத்து முத்தாக உருண்டால் தண்ணீர். டீ நிறத்தில் இருந்து வார்னிஷ் வாடை அடித்தால் பழைய பெட்ரோல். பவுலையே கழற்றினால், அடியில் சுண்ணாம்புத் தூள் தூவியது போல வெள்ளைப் படிவு தெரியும். அது வெளியிலிருந்து வந்த தூசி அல்ல, ஈரம் பட்ட பவுலின் உலோகமே அரித்து உதிர்ந்தது. பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையான ஜெட்டை அடைப்பது பெரும்பாலும் இதுதான்.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் பெட்ரோல் பங்க்குகளில் விற்பனைக்கு வந்தது. பழைய வீடர்கள் பலவற்றின் கையேட்டில் எத்தனால் 10 சதவீதம் வரைதான் என்று அச்சடித்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீருமாகச் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் உட்காரும். குழாய் கிளம்புவதும் அந்த அடியிலிருந்துதானே? எஞ்சின் முதலில் குடிப்பது அதைத்தான். இன்னொன்றும் உண்டு. ஒரு கிலோ சுத்தப் பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், 20 சதவீதக் கலப்புக்குச் சுமார் 13.5 கிலோ போதும். எத்தனால் குறைந்த முந்தைய பெட்ரோலுக்காகத் துளையிட்ட ஜெட்டில் இந்தக் கலப்புப் பெட்ரோல் போனால், கலவையில் காற்று மிகுந்து கொஞ்சம் மெலிந்துதான் ஓடும். முன்பு பாதி அடைத்த ஜெட்டோடு சமாளித்த எஞ்சின் இப்போது தள்ளாடுவதற்கு இதுவும் ஒரு காரணம். இதனால் எத்தனாலே கூடாது என்று சொல்ல வரவில்லை. வாங்கிய இரண்டு மூன்று வாரத்தில் எரித்துவிட்டால் பெரிய வம்பு இல்லை, மாதக்கணக்கில் டேங்கில் ஊறவிடுவதுதான் வம்பு.

பெட்ரோலை மாற்றிய பிறகும் ஓட்டம் சரியில்லையா, சோக்கைக் கேளுங்கள், அது பொய் சொல்லாது. ஐந்து நிமிடம் ஓடிச் சூடேறிய எஞ்சினில் சோக்கைப் பாதி மூடிப் பாருங்கள். ஓட்டம் சீரானால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள்: ஜெட் அடைப்பு, அல்லது கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள கேஸ்கெட் வழியே காற்று புகுகிறது. அந்த இணைப்பில் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சினால் சத்தம் மாறுகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். மாறாக, சோக்கை மூட மூட மோசமாகி, கரும்புகை கக்கி, ப்ளக் கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம்: ஏர் ஃபில்டர் அடைப்பு, அல்லது பவுல் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்தும் ஃப்ளோட் ஊசி சரியாக மூடவில்லை.

சும்மா நிற்கையில் ஏறி இறங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் பைலட் ஜெட் (குறைந்த ஓட்டத்துக்கான ஜெட்). வேகம் குறைக்கும் திருகைக் கழற்றினால் அதன் கீழே சிறு பிளாஸ்டிக் துண்டாக இருக்கும், துளை தலைமுடி கனத்தைவிடச் சற்றுப் பெரிது. லோடில் இழுவை இல்லையென்றால் பவுலுக்கு நடுவிலுள்ள பித்தளை மெயின் ஜெட்டையும், அதன் மேலே பக்கவாட்டுத் துளைகள் உள்ள குழலையும் பாருங்கள். இங்கேதான் பலர் ஊக்கையும் தையல் ஊசியையும் விடுகிறார்கள். பித்தளை மெத்தென்றது, எஃகு ஊசி துளையைப் பெரிதாக்கிவிடும், அப்புறம் ஆயுசுக்கும் கரும்புகைதான். மின்வயரைச் சீவி அதில் ஒற்றைச் செம்பு இழையை எடுத்து விடுங்கள். பிறகு கார்புரேட்டர் க்ளீனர் அடித்து, சைக்கிள் பம்ப்பால் ஊதினால் போதும். புது கார்புரேட்டர் மாட்டித்தான் ஆக வேண்டுமென்றால் சிசியைப் பார்த்து வாங்குங்கள். 163 சிசி எஞ்சினின் கார்புரேட்டர் 196 சிசியிலும் போல்ட் மாறாமல் உட்காரும். ஆனால் ஜெட் அளவு வேறு.

பத்து நிமிடம் நன்றாக ஓடி நின்று, ஆறவிட்டால் மறுபடி பிடிக்கும் வண்டியும் உண்டு. நின்ற கையோடு டேங்க் மூடியைத் தளர்த்துங்கள். உடனே பிடித்தால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது, செலவு ஒன்றுமில்லை. மூடியைத் திறந்தும் பிடிக்கவில்லையென்றால் பெட்ரோல் ஆவி கலைந்த பிறகு, ப்ளக்கைக் கழற்றித் துளையிலிருந்து தள்ளிப் பிடித்து, எஞ்சின் உலோகத்தில் தொட்டுத் தீப்பொறி பாருங்கள். சூட்டில் பொறி இல்லை, ஆறினால் வருகிறது என்றால், பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில்தான் காரணம். காயிலுக்கும் ஃப்ளைவீலுக்கும் இடைவெளி 0.4 மிமீ.

ப்ளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மிமீ. புது ப்ளக்கைக் கையால் இறுகும்வரை திருகி, அப்புறம் ஸ்பேனரால் அரைச் சுற்று. பழைய ப்ளக் என்றால் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். ஏர் ஃபில்டரில் ஸ்பாஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசி, நன்கு காய்ந்ததும் எஞ்சின் ஆயிலில் நனைத்துப் பிழிந்து மாட்டுங்கள். காகிதத்தைக் கழுவக் கூடாது, தட்டினால் போதும். புழுதிக் காட்டில் இது தினசரி வேலை.

மேட்டுச் சரிவில் மட்டும் நிற்கும் வண்டிக்குக் கார்புரேட்டரைத் திட்டாதீர்கள். ஆயில் குறைந்தால் பொறியை அணைக்கும் சுவிட்ச் சில எஞ்சின்களில் உண்டு. இவற்றில் ஆயிலே மொத்தம் 600 மில்லிதான், 100 மில்லி குறைந்தாலும் சரிவில் காட்டிக்கொடுத்துவிடும். சமதரையில் நிறுத்தி, ஆயில் மூடியிலுள்ள அளவுகோலைத் திருகாமல் செருகிப் பாருங்கள்.

இத்தனைக்கும் சரியாகாத வண்டிக்கு டேப்பெட், அதாவது வால்வு இடைவெளி பார்க்க வேண்டும். எஞ்சின் ஆறியிருக்கையில் ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டால்) உள்வால்வு 0.15, வெளிவால்வு 0.20 மிமீ. வெளிவால்வில் இடைவெளி இல்லாமல் போனால் சூடேறியதும் கம்ப்ரஷன் கசியும். கயிற்றை மெதுவாக இழுக்கையில் கை தடையே உணராது. வாடகைக்கு ஓடும் வண்டிகளில் இதைப் பார்க்காமலே பிஸ்டன் ரிங் மாற்றுகிறார்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

வேளாண் பொறியியல் துறை மானியத்தில் பவர் வீடர் தருகிறது. நல்ல விஷயம். வண்டியை ஒப்படைக்கும் அன்றே விற்பனையாளர், இந்த எஞ்சின் எத்தனை சதவீத எத்தனால் தாங்கும் என்பதை டேங்க் மேல் தமிழில் ஒட்டித்தர வேண்டும் என்று துறை நிபந்தனை வைக்கலாம். கூடவே ஒரு ஃபீலர் கேஜும் ப்ளக் ஸ்பேனரும் தரச் சொல்லலாம். பயிற்சி முகாம்களில் கத்தி மாட்டக் காட்டும் நேரத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி, வேலை முடிந்து வண்டியை ஓரங்கட்டும் முறையையும் செய்து காட்டட்டும்: டேங்கை வடித்து, காக்கை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டி, ஆறியபின் பவுல் போல்ட்டைத் திறந்து மிச்சச் சொட்டையும் வடித்துவிடுவது.

இப்படிக்கு,
சிறு எஞ்சின் மெக்கானிக்,
ஒட்டன்சத்திரம்.