சனிக்கிழமைக்கு முன்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகனுக்கு,

மாமாங்கத் தீர்த்தத்துக்கும் நீ வரவில்லை. சின்னம்மா கேட்டா, வேலை என்று சொன்னேன். தங்கச்சி சொல்லித்தான் தெரியும், சனிக்கிழமை இரவு உங்கட ஒப்பீசின் தரவுத்தளத்தை ஒராக்கிளிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாற்றுகிறீர்களாம். அதே இரவில் பழைய நிரலையும் சின்னச் சின்னச் சேவைகளாக உடைத்து, அவற்றைப் பல சேர்வர்களில் ஓட்டிப் பார்த்துக்கொள்ளும் குபர்நெட்டீஸில் ஏற்றுகிறீர்களாம். பொறுப்பு உன்னுடையதாம். சந்தோசம்தான். ஆனால் மனே, எல்லாம் ஒரே இரவிலா? விடியக் கணக்குப் பிழைத்தால் எதில் பிழை என்று எப்படிப் பிரித்தறிவாய்?

தரவுத்தளத்தை மட்டும் முதலில் மாற்று. அதிலேயே போதுமான வில்லங்கம் இருக்கு. ஒராக்கிளுக்கு வெற்றுச் சரமும் (எழுத்தே இல்லாதது) NULL-உம் (மதிப்பே இல்லாதது) ஒன்று, போஸ்ட்கிரெஸுக்கு வேறு வேறு. பெயர்களை இரட்டைக் கோடு (||) போட்டு ஒட்டியிருந்தால், போஸ்ட்கிரெஸில் நடுப்பெயர் NULL ஆக இருக்கிற ஆளின் முழுப்பெயருமே NULL ஆகிவிடும். எங்கட ஆக்களில் யாருக்கு நடுப்பெயர் இருக்கு? அந்த இடங்களில் NULL-ஐ விட்டுவிட்டு ஒட்டுகிற கொன்கட் (concat) போடு. ஒராக்கிளின் டேட் (date) வகை திகதியோடு நேரத்தையும் வைத்திருக்கும். போஸ்ட்கிரெஸில் அதை டைம்ஸ்டாம்ப் (timestamp) ஆக்காவிட்டால் நேரம் போய்விடும், பிழை என்று ஒரு செய்திகூட வராது.

திரும்பி வர வழி வைத்திருக்கிறாயா? குபர்நெட்டீஸில் பழைய பதிப்புக்குத் திரும்பினால் நிரல்தான் திரும்பும், தரவுத்தளத்தின் அட்டவணை திரும்பாது. ஏற்றும்போது பழசும் புதுசும் கொஞ்ச நேரம் சேர்ந்தே ஓடும் என்பதையும் மறக்காதே. அட்டவணையில் ஒரு நெடுவரிசையை (column) நீக்கிவிட்டால் பழைய நிரல் விழுந்துவிடும். புதிய நெடுவரிசையைச் சேர், நிரப்பு, வாசிப்பை அதற்கு மாற்று. பழையதை அடுத்த வெளியீட்டில் எடு. மாறிய பிறகு போஸ்ட்கிரெஸில் விழுகிற பதிவுகள் ஒராக்கிளுக்கும் போய்க்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பும்போது அவ்வளவும் போச்சு.

2012 ஆகஸ்ட் 1இல் அமெரிக்காவின் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேப்பிட்டலில் நடந்தது உனக்குத் தெரியும். 8 சேர்வரில் 7இல்தான் புது நிரல் ஏறியது. பழைய கொடி (flag, நிரலில் ஒரு வேலையைத் தொடக்கி நிறுத்தும் குறி) ஒன்றை வேறு வேலைக்கு எடுத்திருந்ததால், எட்டாவதில் பாவிக்காமல் கிடந்த செத்த நிரல் எழும்பிவிட்டது. 45 நிமிடத்தில் 44 கோடி டொலருக்கு மேல் நட்டம். அவர்களும் திரும்பத்தான் பார்த்தார்கள். 7 சேர்வரிலிருந்தும் புதியதை எடுத்தார்கள், அவற்றிலும் அந்தச் செத்த நிரல் எழும்பி, பிழை 8 சேர்வரிலும் ஓடியது. ஒத்திகை பார்க்காத திரும்பல் அப்படித்தான்.

அதனால் பேக்கப்பை வேறொரு சேர்வரில் ஒருக்கா மீட்டுப் பார். எத்தனை மணித்தியாலம் என்று எழுதி வை. காலை 8க்குத் திறக்க வேண்டும், மீட்க 3, சரிபார்க்க 1 என்றால், அதிகாலை 4 மணிக்கு முடிவெடுத்தாக வேண்டும். "இன்னும் அரை மணித்தியாலம்" என்று இழுக்க விடாதே. முடிவெடுக்கிறவர் முந்தின இரவு நித்திரை கொண்டவராக இருக்க வேண்டும். அது நீயாக இருக்கத் தேவையில்லை. ஒப்பீசிலேயே படுக்கிறாயாம், தங்கச்சி சொன்னாள். நான் கேட்டால் ஒன்றுமில்லை என்பாய், அதனால் கேட்கவில்லை.

சேவைகளாக உடைப்பது பிறகு ஆகட்டும். முதலில் ஒன்று, அதுவும் காசு தொடாத ஒன்று. காசுப் பக்கம் வரும்போது ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி இலக்கம் வை, மறுகா மறுகா அனுப்பினாலும் இரண்டு தரம் கழிபடாது.

திரும்பும் வழியை முதலில் பார், மனே. நீ மேலிடத்தில் இதைச் சொன்னால் பயந்தாங்கொள்ளி என்று யாரும் நினைக்க மாட்டார்கள். நினைத்தாலும் நினைக்கட்டும்.

மீட்க எத்தனை மணித்தியாலம் எடுத்தது என்று எனக்குச் சொல். என்னோடு பேச நேரமில்லாவிட்டால் தங்கச்சியிடமாவது சொல்லிவிடு.

அம்மா